நூற்றுப் பதினெட்டாம் உள்ளடக்கம்

போன மாதம் எங்கள் கிடங்கில் 'உணவு மகிழ்ச்சிப் பிரிவு' என்று ஒன்று திறந்தார்கள். மாடியில், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையில். உடைந்ததை எல்லாம் கீழே இறக்கியது நானும் எதிர்முனையும்தான். புது நாற்காலிகளை மேலே ஏற்றியதும் நாங்கள்தான். மூன்று நாற்காலிகள், மூன்று அதிகாரிகள்: மகிழ்ச்சி மேலாளர், விருப்பப் பதிவாளர், முகம் பார்க்கும் அம்மா. மூன்றாமவருக்குச் சரியான பதவிப் பெயர் கதவில் எழுதியிருந்தது. நீளமாக இருந்ததால் நான் பாதி வரை படித்துவிட்டு, மீதியை இன்னொரு நாள் படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எதிர்முனை என்பது என் கூட்டாளி. எங்கள் கிடங்கில் பீரோ, கட்டில், சலவை இயந்திரம் என்று ஒற்றை ஆள் தூக்க முடியாத பொருள்கள்தான் இருக்கும். நான் ஒரு முனையைப் பிடித்தால் அவன் மறுமுனையைப் பிடிப்பான். பதினோரு வருடமாக இப்படித்தான். நடுவில் எப்போதும் ஒரு பீரோ இருப்பதால் அவன் முகத்தைவிட அவன் குரல்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

சேர்ந்து சுமப்பவர்களுக்குள் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மதியம் ஆளாளுக்குக் கொண்டு வந்த சாண்ட்விச்சைச் சரிபாதியாகப் பிய்த்து மாற்றிக்கொள்வோம். பாசத்தால் இல்லை. ஒருவன் வயிறு கனத்து, இன்னொருவன் வயிறு லேசாக இருந்தால் மாடிப்படியில் நடை ஒத்துப்போகாது. பீரோ ஒருபக்கம் சாயும். இரண்டு வயிற்றிலும் ஒரே சாப்பாடு இருந்தால் கால்களும் ஒரே மாதிரி விழும். கிடங்கில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. விரல் நசுங்கினவர்கள் தாங்களாகவே கற்றுக்கொண்டது.

என் டப்பாவில் முட்டை வெங்காயம் இருக்கும். அம்மா இல்லாத வீடு. என் மகள்தான் செய்வாள். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிசைந்து, தண்ணீரைப் பிழிந்துவிட்டு, அவித்த முட்டையை முள்கரண்டியால் மசித்துச் சேர்த்து, மேலே மிளகு. எதிர்முனையின் டப்பாவில் ஜாமும் சீஸும் இருக்கும். அவன் பிள்ளைகளுக்குச் செய்வதில் மிஞ்சியது. ஆக, என் மதியச் சாப்பாடு எப்போதும் பாதி காரம், பாதி இனிப்பு.

பிரிவு திறந்த வாரத்தில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து வீட்டுச் சாப்பாடு கூடாது. அவரவருக்குப் பிடித்த சாண்ட்விச்சைக் கம்பெனியே கொடுக்கும். படிவத்தோடு ஒரு பட்டியல். நூற்றுப் பதினேழு வகை. ஒன்றாம் எண் வெறும் வெண்ணெய். பதினான்காம் எண் வெள்ளரிக்காய், மிளகு. பதினைந்தாம் எண் மிளகு, வெள்ளரிக்காய். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவன் கேட்டதற்கு, "எது மேல, எது கீழங்கறதுதான். அது சின்ன விஷயமா?" என்று பதிவாளர் கேட்டாராம்.

மேஸ்திரி எங்களைக் கூட்டி, "எல்லாரும் ஒண்ணாம் நம்பர் போட்டுட்டு வேலையப் பாருங்க. வம்பு வேணாம்" என்றார். எல்லோரும் போட்டார்கள். நான் மட்டும் போடவில்லை. எனக்கு எழுத்துப் பழகி நாலு வருடம்தான் ஆகிறது. யாராவது என்னிடம் எழுத்தில் ஒரு கேள்வி கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றிவிடும். 'தங்களுக்கு மிகவும் பிடித்த உள்ளடக்கம் யாது?' என்று கேட்டிருந்தார்கள். அரைமணி நேரம் யோசித்து, 'முட்டை வெங்காயம் பாதி. ஜாம் சீஸ் பாதி' என்று உண்மையை எழுதிக் கொடுத்தேன்.

இந்த வியாழக்கிழமை மதியம் வாசல் காவலாளியின் தொலைபேசிக்கு என் மகள் கூப்பிட்டாள். எங்கள் தொலைபேசிகளைக் காலையிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள்.

"அப்பா, எனக்கு நர்சிங்ல எடம் கெடச்சிருச்சுப்பா! யாரோ ஒருத்தங்க வரலையாம். காத்திருப்புப் பட்டியல்ல அடுத்தது நான்தான்."

"நெஜமாவா கண்ணு?"

"ஆமாப்பா. ஆனா இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சேரணும். உங்க கையெழுத்து வேணும். இல்லன்னா அடுத்த பொண்ணுக்குப் போயிரும். நான் மூணு மணிக்கு உங்க கேட்டுக்கு வந்துடறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே பஸ் ஏறிடலாம்."

மேஸ்திரியிடம் சொன்னேன். நல்ல மனிதர். மூன்று மணிக்குப் போகச் சொல்லி அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். முகம் கழுவி, தலை வாரி, மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வாசல் இயந்திரத்தில் என் அட்டையை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்ப வைத்தேன். அப்போதும் சிவப்பு.

காவலாளி தன் திரையை எட்டிப் பார்த்தார். "உன் விருப்பம் நிலுவையில இருக்காம்பா."

"எந்த விருப்பம்ணே?"

"அதைப் போட்டிருக்கல. மாடிக்குப் போகச் சொல்லுது."

"சீட்டு இருக்கேண்ணே. மேஸ்திரியே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு."

"அது உன் ஒடம்புக்கு. விருப்பத்துக்கு மாடிலதான் வாங்கணுமாம். ஓடு, ஓடு, ரெண்டு நிமிஷ வேலையாத்தான் இருக்கும்."

மாடிக்கு ஓடினேன். நான் கதவைத் திறந்ததும் மகிழ்ச்சி மேலாளர் எழுந்து நின்றார். பதினோரு வருடத்தில் எனக்காக எழுந்து நின்ற முதல் அதிகாரி அவர்தான்.

"வாங்க, வாங்க. உங்களைத்தான் எதிர்பார்த்துட்டிருக்கோம். இங்க மொத்தம் முந்நூத்தி நாப்பது பேர். அதுல முந்நூத்தி முப்பத்தொம்பது பேர் வெண்ணெய்னு எழுதிட்டாங்க. ராத்திரி பகலா உக்காந்து நூத்திப் பதினேழு வகை தயார் பண்ணினோம். எல்லாரும் வெண்ணெய்னா, ரொட்டில வெண்ணெய் தடவ ஒரு ஆள் போதாதா, நாங்க மூணு பேர் எதுக்குன்னு தலைமை அலுவலகத்துல கேக்க மாட்டாங்களா? நீங்கதான் எங்களைக் காப்பாத்தினீங்க. முட்டை, வெங்காயம், ஜாம், சீஸ்! நாங்களே கற்பனை பண்ணாத சேர்க்கை. உங்களுக்குன்னே நூத்திப் பதினெட்டாம் நம்பர் திறந்திருக்கோம்."

"சார், அது நாலும் சேர்ந்து இல்ல. பாதி அது, பாதி இது."

"ஆமா. பாதியும் பாதியும் சேர்ந்தா ஒண்ணு" என்றார் பதிவாளர், கணக்குத் தெரியாத ஆளுக்குச் சொல்வது போல.

"சார், நான் அவசரமாப் போகணும். என்னையும் வெண்ணெய்லயே போட்டுருங்க. எனக்கு வெண்ணெய் பிடிக்கும்."

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "விருப்பத்தை அப்படி உடனே மாத்த முடியாதுங்க. மாத்தறதா இருந்தா, முதல்ல பிடிச்சது இப்ப ஏன் பிடிக்கலன்னு ஒரு கடிதம் வேணும். அது பிடிச்சிருந்த காலத்துல உங்களைப் பார்த்த ஒரு சாட்சி வேணும். முப்பது நாள் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நிலுவைதான்."

"நிலுவைன்னா கேட்டு திறக்காதா சார்?"

"அட்டையில மகிழ்ச்சி பதிவானாத்தான் திறக்கும். மகிழ்ச்சி இல்லாத தொழிலாளியை வெளிய அனுப்பினா கம்பெனிக்கு என்ன பேர் வரும், நீங்களே சொல்லுங்க."

மேலாளர் என் தோளில் கை வைத்தார். "எதுக்குக் கவலை? சின்ன சரிபார்ப்புதான். செஞ்சு வெச்சிருக்கோம், சாப்பிடுங்க. உங்க முகத்துல மகிழ்ச்சி தெரிஞ்சதும் அம்மா குறிச்சுக்குவாங்க. நீங்க கெளம்பலாம்."

தட்டு வந்தது. இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் மசித்த முட்டை, அதன் மேல் சிவப்பு ஜாம், அதன் மேல் வெங்காய வளையம், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சீஸ் தகடு. என் மகளின் வெங்காயம் பிழிந்த வெங்காயம். இது பிழியாதது. ஜாமில் ஊறி, குளிரில் கிடந்து, கண்ணாடித் துண்டு போல் பளபளத்தது.

கடித்தேன். முகம் பார்க்கும் அம்மா எனக்கு ஒரு சாண் தூரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கையில் படம் போட்ட ஒரு அட்டை. அதில் ஏழு முகங்கள், அழுகையிலிருந்து சிரிப்பு வரை.

"மூணு" என்றார்.

"அஞ்சு வந்தாத்தான் பதிவு" என்றார் பதிவாளர்.

"எனக்குப் பிடிச்சிருக்கு சார். ரொம்பப் பிடிச்சிருக்கு."

"வாய்மொழி ஏத்துக்கறதில்ல. பொய் சொல்லிட்டுப் போயிடறாங்க" என்றார் அந்த அம்மா. "அவங்க மேல தப்பில்ல. தங்களுக்கு என்ன பிடிக்கும்னே பாதிப் பேருக்குத் தெரியறதில்ல. நாங்க பார்த்துத்தான் சொல்லணும்."

பல்லைக் காட்டிச் சிரித்தேன். பல்லிடுக்கில் வெங்காயம். மதிப்பெண் இரண்டுக்கு இறங்கியது.

மேலாளர் யோசித்தார். "அடுக்கு தப்பா இருக்கும். நாலு பொருளை எத்தனை விதமா அடுக்கலாம்?"

பதிவாளர் காகிதத்தில் கணக்குப் போட்டார். "இருபத்தி நாலு."

"இன்னிக்கு ஆறு பார்த்துடுவோம்."

ஜன்னல் வழியே வாசலும் எதிரே பேருந்து நிறுத்தமும் தெரிந்தன. நிறுத்தத்துப் பெஞ்சில் என் மகள் வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அவள் வாசலைப் பார்ப்பதும் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். மாடியைப் பார்க்கத் தோன்றவில்லை. அப்பா மாடியில் உட்கார்ந்து ஜாம் தின்றுகொண்டிருப்பார் என்று எந்தப் பிள்ளைக்குத் தோன்றும்?

இரண்டாவது தட்டு வந்தது. ஜாம் கீழே, முட்டை மேலே. மகளைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். மூவரும் ஜன்னலுக்கு வந்து அன்போடு பார்த்தார்கள்.

"நல்ல பொண்ணு" என்றார் மேலாளர். "நர்ஸ் வேலை சேவை. எங்களுக்கும் சேவைதான். உண்மையைச் சொல்றேன், நான் மத்தியானம் சாப்பிட்டு மூணு வாரம் ஆச்சு. வீட்டுல டப்பால என்ன வெச்சு அனுப்பறாங்கன்னு திறந்துகூடப் பார்க்கல. எல்லாம் உங்க மகிழ்ச்சிக்காகத்தான். சாப்பிடுங்க, சாப்பிடுங்க. அவசரப்பட்டா முகம் சுருங்கும்."

"இதுவும் மூணுதான்" என்றார் அந்த அம்மா. "இவர் ஜன்னலையே பாக்கறாரு. திரையை இழுத்துடலாமா?"

திரையை இழுத்தார்கள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி கெட்டது. உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, எதிர்முனையோடு பாதி மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை விளக்கினேன். வயிறு, நடை, மாடிப்படி, பீரோ எல்லாம் சொன்னேன்.

"அப்ப, ஜாமும் சீஸும் உங்க விருப்பமே இல்ல?" என்றார் பதிவாளர் மெதுவாக. "இன்னொருத்தர் விருப்பம் உங்க பேர்ல பதிவாகியிருக்கு?"

"இன்னொருத்தர்கிட்ட உங்க முட்டை போயிருக்கு" என்றார் அந்த அம்மா.

"பதினோரு வருஷமா?" என்றார் மேலாளர். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஆளைக் கூப்பிடுங்க."

எதிர்முனை வந்தான். என்னையும் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தான். நடுவில் பீரோ இல்லாமல் அவன் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது எனக்கும் புதிது. காதோரம் நரைத்திருந்தது.

"இவருக்கு ஜாம் பிடிக்குமா, பிடிக்காதா? உண்மையைச் சொல்லுங்க" என்றார் பதிவாளர்.

என் கூட்டாளி என்னைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று ஒரு முடிவோடு வந்திருந்தான். "பிடிக்குமாவா? ஜாம்னா இவனுக்கு உசுரு சார். வெங்காயத்து மேல ஜாம் ஊத்தித் தின்னுவான். ஜாம் இல்லாத நாள்ல பீரோவைக் கீழ வெச்சுட்டு அழுதிருக்கான். நானே துடைச்சு விட்டிருக்கேன்."

அதிகாரிகள் மூவரும் மூச்சு விட்டார்கள். பதிவாளர் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். மேலாளர் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "மூணாவது தட்டு! ஜாம் ரெண்டு மடங்கு" என்றார்.

"என்னடா இப்படிப் பண்ணிட்ட?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நல்லதுன்னு நெனச்சுத்தான்டா சொன்னேன். மணி என்ன தெரியுமா? நாலு தாண்டிருச்சு. புள்ள கேட்டைப் பிடிச்சுட்டு நிக்குது. காவலாளி உள்ள விடல. வர்றவங்களும் படிவம் எழுதணுமாம்."

மூன்றாவதை எடுத்துக் கடித்தேன். இரண்டு மடங்கு ஜாம் ரொட்டியின் எல்லாப் பக்கமும் வழிந்து முழங்கை வரை ஓடியது. எதிர்முனை அதைப் பார்த்தான். அவனுக்கு மாடிப்படியில் கால் வழுக்கும் நேரத்தில்தான் மூளை நன்றாக வேலை செய்யும்.

"சார், இவன் கையைப் பாருங்க. பிசுபிசுன்னு இருந்தா மனசு எப்படி சார் மகிழும்? ரெண்டு நிமிஷம் கை கழுவிட்டு வரட்டும். மதிப்பெண் தானா ஏறும்."

முகம் பார்க்கும் அம்மா தலையாட்டினார். "அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

கையில் ரொட்டியோடு நான் படி இறங்கினது போல எந்த பீரோவோடும் இறங்கியதில்லை. வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் என் மகள் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"என்னப்பா இது? என்ன சாப்ட்டுட்டிருக்கீங்க?"

"அதைக் கேக்காத கண்ணு. தாளைக் குடு."

"உள்ள குடுக்கக் கூடாதும்மா" என்றார் காவலாளி. அவருக்கே சொல்லப் பிடிக்கவில்லை. "எந்தக் காகிதம் உள்ள வந்தாலும் பதியணும். பதிஞ்சா திரும்ப வெளிய விட மாடியில கையெழுத்து வாங்கணும்."

"நான் வெளிய வரக் கூடாது. தாள் உள்ள வரக் கூடாது. அப்ப என்னதாண்ணே பண்றது?"

காவலாளி கம்பிகளைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு, "கையைப் பத்தி சட்டத்துல ஒண்ணும் போடல" என்றார்.

கம்பிக்கு நடுவே கையை விட்டேன். மகள் உறையைப் பலகை போல் பிடித்து அதன் மேல் தாளை வைத்தாள். பேனா இல்லை. காவலாளியின் பேனா பதிவேட்டோடு நூலில் கட்டியிருந்தது; நூல் ஒரு முழம்கூட இல்லை. அவர் பதிவேட்டையே தூக்கிக்கொண்டு வந்து கம்பியோடு ஒட்டிப் பிடித்தார். அவ்வளவு கனமான பதிவேட்டை ஒற்றை ஆளாகத் தூக்கினார் என்பதை நான் தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன்.

"இங்கப்பா. பெற்றோர்னு போட்ருக்குல்ல, அதுக்குக் கீழ."

நான் எழுத்துக்கூட்டித்தான் கையெழுத்துப் போடுவேன். வேகமாக வராது. கடைசி எழுத்தின் சுழியை முடிக்கும்போது மாடி ஜன்னலின் திரை விலகியது.

"கை வெளியே இருக்கு!" பதிவாளரின் குரல். "காவலாளி! அவருடைய கை வெளியே இருக்கு!"

"ஆள் உள்ளதான் சார் இருக்காரு!"

"எத்தனை நிமிஷமா இருக்கு?"

"இப்பத்தான் சார் போச்சு!"

"கைக்கு அனுமதி இருக்கா?"

பதறிக் கையை இழுத்தேன். இழுக்கும்போது ஜாம் பட்ட கட்டைவிரல் தாளில் அழுந்திவிட்டது. கையெழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு ரேகை. நாலு வருடத்துக்கு முன்பாக இருந்தால் அதுதான் என் கையெழுத்து. எனக்கு உயிரே போய்விட்டது.

"ஐயோ, கெடுத்துட்டேனே கண்ணு!"

மகள் தாளைப் பார்த்தாள். ஊதினாள். "பரவால்லப்பா. இன்னும் உறுதியா நம்புவாங்க." பேருந்து வந்துகொண்டிருந்தது. ஓடினவள் திரும்பி, "வாயைத் துடைங்கப்பா!" என்று கத்திவிட்டு ஏறிவிட்டாள். கூடவே போய் அந்த நர்சிங் பள்ளியின் வாசலைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. எந்தப் படிவத்திலும் அதைக் கேட்கவில்லை.

காவலாளி பதிவேட்டில் எழுதினார். பக்கத்தில் நின்று படித்தேன். 'கை மட்டும். வெளியே 4.17. உள்ளே 4.20. கையில் பொருள் எதுவும் எடுத்துச் செல்லப்படவில்லை, ஜாம் தவிர.'

மேலே போனதும் மேலாளர் வருத்தத்தோடு பேசினார். "உங்களை நம்பித்தானே அனுப்பினோம்? நாங்க உங்களைக் கட்டியா போட்டிருக்கோம்? இந்தக் கட்டடத்துல எந்தக் கதவும் பூட்டினதில்ல. மகிழ்ச்சியா இருந்தா எல்லாம் தானாத் திறக்கும். நீங்கதான் திறக்க விடமாட்டேங்கறீங்க."

"தப்புதான் சார்."

"சரி, உக்காருங்க. இன்னும் மூணு இருக்கு."

நாலாவதில் சீஸ் இரண்டு ரொட்டியின் வெளிப்பக்கமும் இருந்தது. ஏன் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. ஐந்தாவதில் எதிர்முனை, "சார், பாதி எனக்குக் குடுங்க, பழக்கம்" என்று கை நீட்டினான். அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். கதவருகில் போய், "மெல்ல மெல்லுடா, விக்கிக்கப் போற" என்று சொல்லிவிட்டுப் போனான். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடித்தது. என் வாய் மென்றுகொண்டே இருந்தது. மற்றது எதுவும் ஓடவில்லை. பேருந்து நடுவில் நின்றிருந்தால்? ரேகையைப் பார்த்து வேறு தாள் கேட்டிருந்தால்? மதிப்பெண் மூன்று. பிறகு இரண்டரை. ஏழு முகங்களில் இரண்டரை எந்த முகம் என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

ஆறாவதைக் கையில் எடுத்தபோது கதவு தட்டப்பட்டது. காவலாளி. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிகாரிகளைப் பார்த்து, "மன்னிக்கணும் சார், ஒரே ஒரு சேதி" என்றார். என் பக்கம் திரும்பினார்.

"உன் பொண்ணு போன் பண்ணுச்சுப்பா. சேத்துக்கிட்டாங்களாம். கடைசி ஆளாப் போய் நின்னுச்சாம். நாளைக்குக் காலைல ஆஸ்டலுக்கு வரச் சொல்லிட்டாங்களாம். ராத்திரி சீக்கிரம் வரச் சொல்லுச்சு. துணியெல்லாம் அடுக்கணுமாம்."

என் வாயில் முட்டையும் வெங்காயமும் ஜாமும் சீஸும் இருந்தன. விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை. நாளைக் காலை அவள் வெங்காயம் பிழிய மாட்டாள் என்று தோன்றியது. அது துக்கமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டிவிட்டது. அதோடு சிரிப்பும் வந்தது. இரண்டையும் நிறுத்த முடியவில்லை.

முகம் பார்க்கும் அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஏழு!" என்றார். "ஏழு வந்திருக்கு!"

மேலாளர் பதிவாளரைக் கட்டிக்கொண்டார். பதிவாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்த மேசையிலேயே குனிந்து எழுதினார். எனக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தது. ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'ஆறாம் அடுக்கு. தொழிலாளி மகிழ்ச்சி மிகுதியால் கண்ணீர் விட்டார். காரணம்: சீஸ் கீழே வைக்கப்பட்டது.'